அரசுக் கல்லூரியில் ட்ரிபிள் ஈ-யா, டீம்டில் சி.எஸ்.ஸா? வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா?

கொலுசுப்பட்டறை

வணக்கம். சேலத்திலிருந்து எழுதுகிறேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பொறியியல் கட்-ஆஃப் 176, பி.சி. பிரிவு. மெட்ரிக் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. மூத்தவன் பி.காம். முடித்துவிட்டதால் முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை.

போன வருடப் பட்டியலைப் பார்த்தவர்கள் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) வரலாம் என்கிறார்கள். அவளுக்கோ சி.எஸ். (கணினி அறிவியல்) வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு டீம்ட் (நிகர்நிலை) பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வையும் எழுதியிருந்தாள். அங்கே சி.எஸ்.ஸோடு ஏ.ஐ. சேர்ந்த பிரிவு கிடைத்திருக்கிறது. படிப்புக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆஸ்டல், சாப்பாடு, லேப்டாப் எல்லாம் போட்டால் நான்கு வருடத்துக்கு 18 லட்சம் வருகிறது.

எனக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வெள்ளி விலை ஏறியதிலிருந்து ஆர்டர் ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. கையில் 5 லட்சம் இருக்கிறது. மீதிக்கு வீட்டுப் பத்திரம்தான். அட்மிஷன் ஆபீஸிலிருந்து ஒரு பெண் தினமும் போன் செய்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலைன்னா இந்த பிராஞ்ச் போயிடும் சார்" என்கிறார். மைத்துனர், "போடு மாமா, வேலைக்குப் போனா அவளே அடைச்சிடுவா" என்கிறார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிண்டி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அரசுக் கல்லூரி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிட வேண்டும். நான் கிண்டியில் படித்த காலத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., ஏ.சி. டெக், கோவை ஜி.சி.டி., காரைக்குடி, சேலம். உதவி பெறும் கல்லூரிகளில் பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராசர். திருச்சி ஆர்.இ.சி. (இப்போது என்.ஐ.டி.), அண்ணாமலை. இவ்வளவுதான் பெரிய பெயர்கள். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தார்கள். அப்புறம் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் மதிப்பெண் வாங்கி வந்தவர்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் யார் என்பதுதான் பாதிப் படிப்பு.

சும்மா படிப்பவன்

எல்லாரும் சி.எஸ். படித்துவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் யார் வருவார்கள்?

தெற்கத்திப் பொண்ணு

கிண்டி ஐயாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். கிண்டி வேறு, மற்ற அரசுக் கல்லூரிகள் வேறு. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடத்தையும், 2012 முதல் போடி, செங்கிப்பட்டி, ஸ்ரீரங்கம், தர்மபுரி என்று திறந்த கல்லூரிகளையும் 'அரசு' என்ற ஒரே மூட்டையில் கட்ட முடியாது.

நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தேன். பெயர் வேண்டாம். நிரந்தரப் பேராசிரியர்கள் ரொம்பக் குறைவு. மீதியெல்லாம் தொகுப்பூதியத்தில் வந்தவர்கள். தெர்மோடைனமிக்ஸுக்கு ஒரே செமஸ்டரில் ஆள் மாறி ஆள் வந்தார்கள். லேபில் இருந்த லேத் மெஷின்களில் சில என் அப்பாவைவிட மூத்தவை. பிளேஸ்மெண்ட் ஆபீசர் என்பவர் ஒரு துறை ஆசிரியர். பாடமும் எடுப்பார், கம்பெனிகளுக்கு மெயிலும் அனுப்புவார்.

ஆனால் செலவு? ஒரு செமஸ்டர் கட்டணத்தை எங்கள் அம்மா நூறு நாள் வேலைக் காசில் கட்டினார். ஆஸ்டலில் டிவைடிங் மெஸ். மாதாமாதம் மாணவர்களில் இருவர் மெஸ் செகரட்டரி. விடியற்காலையில் மார்க்கெட் போய் கத்திரிக்காய் பேரம் பேசுவது முதல் கேஸ் சிலிண்டர் எண்ணுவது வரை அவர்கள் பொறுப்பு. மாதக் கடைசியில் மொத்தச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். பில் ஏறினால் அன்றைக்கு இரவே ஆஸ்டலில் பஞ்சாயத்து நடக்கும். நான் இன்று ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். சப்ளையரிடம் பேசும் வாய் எனக்கு அங்கேதான் வந்தது, பாடப்புத்தகத்தில் இல்லை.

வேலை? கேம்பஸில் கிடைக்கவில்லை. வெளியே அலைந்துதான் வாங்கினேன். ஆனால் கடன் இல்லாததால் முதல் வேலையைப் பிடிக்கவில்லை என்றதும் விட முடிந்தது.

மூன்றாமாண்டு

நான் ஒரு டீம்டில் சி.எஸ். மூன்றாம் ஆண்டு. எல்லோரும் டீம்டைத் திட்டப் போகிறீர்கள் என்று தெரியும், அதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

எனக்கு வேண்டிய பாடத்தை, வேண்டிய ஆசிரியரிடம், வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். பாடத்திட்டத்தை வருடாவருடம் மாற்றுகிறார்கள். கிளப், ஹேக்கத்தான் என்று ஓயாமல் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். என் ரூம்மேட்கள் ஒருத்தி ராஞ்சி, ஒருத்தி விஜயவாடா. பள்ளி வரை ஆங்கிலத்தில் கேள்வி கேட்கவே கூசிய நான் இப்போது ஒரு கிளப்பை நடத்துகிறேன். பெரிய கம்பெனிகள் நேரடியாக வருகின்றன. என் சீனியர்களில் சிலர் வாங்கும் சம்பளத்தை இங்கே எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

பிரச்சினையும் உண்டு. சி.எஸ்., அதோடு ஒட்டிய ஏ.ஐ., டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி எல்லாம் சேர்த்தால் எங்கள் பேட்சில் ஆயிரத்தைத் தாண்டும். நல்ல கம்பெனி வந்தால் முதலில் சி.ஜி.பி.ஏ.வில் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணின் சராசரி) பாதிப் பேரை வடிகட்டிவிடுவார்கள். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, எனக்காகக் கடன் எதுவும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இதே வார்த்தையைச் சொல்வேனா என்று தெரியவில்லை.

வங்கி மேசை

நான் பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். சேலத்து அண்ணாச்சிக்காகக் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். முடிவு உங்களுடையது.

13 லட்சம் கடன், வருடத்துக்கு 3.25 லட்சமாக நான்கு தவணையில் கல்லூரிக்குப் போகிறது. வட்டி 10.5 சதவீதம் என்று வையுங்கள். படிப்புக் காலமும் மேலே ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்காது. தனி வட்டியாகவே போட்டாலும் அந்த ஐந்து வருடத்தில் 4 லட்சத்து 78 ஆயிரம் சேர்ந்துவிடும். கட்டத் தொடங்கும் அன்றைக்கு உங்கள் கடன் 13 அல்ல, ஏறக்குறைய 17.8 லட்சம். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 24 ஆயிரம். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 28.8 லட்சம். பதினைந்து வருடமாக நீட்டினால் தவணை 19,650 ஆகக் குறையும், மொத்தம் 35 லட்சத்தைத் தாண்டும்.

கூட்டமாக ஆள் எடுக்கும் பெரிய ஐ.டி. கம்பெனிகளில் புதியவர்களுக்கு ஆரம்பச் சம்பளம் இன்னும் வருடத்துக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் இருக்கிறது. பி.எஃப். போகக் கைக்கு 25 ஆயிரம் வந்தால் பெரிது. 24 ஆயிரம் தவணை கட்டிவிட்டு மீதி ஆயிரத்தில் சென்னையில் பெண் எப்படி இருப்பாள்? 'அவளே அடைச்சிடுவா' என்று சொல்பவரிடம் இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

விதிமுறையையும் சொல்லிவிடுகிறேன். 4 லட்சம் வரை பிணை கேட்பதில்லை. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வழக்கமான திட்டத்தில் சொத்து கேட்போம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் தரவரிசையில் மேலே உள்ள கல்லூரிகளுக்குச் சொத்துப் பிணை இல்லாமலே கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை வட்டியில் 3 சதவீதம் தள்ளுபடி. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பத்திரத்தைப் பீரோவை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம். ஆனால் பிணை இல்லை என்பதால் கடன் கடனில்லாமல் போய்விடாது. கட்டாவிட்டால் பெண்ணின் சிபில் மதிப்பெண்ணும், கூட்டாகக் கையெழுத்துப் போடும் உங்களுடையதும் அடிபடும்.

கொலுசுப்பட்டறை

ஐயா, இந்த வட்டிக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை. அட்மிஷன் ஆபீஸில் 'படிக்கும்போது ஒண்ணும் கட்ட வேண்டாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கொலுசு வாங்க வருபவரிடம் செய்கூலி, சேதாரத்தைச் சொல்லாமல் கிராம் விலையை மட்டும் சொல்வது போல இருக்கிறது.

பழைய கிண்டி

அதனால்தான் சொன்னேன், அரசுக் கல்லூரி என்று.

லேப் டூட்டி

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துபவன். ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு பேர் எழுதியும் மூன்றாவது வழியை யாருமே சொல்லவில்லையே!

தனியார் என்றால் டீம்ட் மட்டும் இல்லை சார். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளில் சிறுபான்மை அல்லாதவை 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் அரசு கவுன்சலிங்குக்குக் கொடுக்கின்றன. அந்த இடங்களுக்குக் கட்டணக் குழு 2017இல் வைத்த உச்சவரம்பு வருடத்துக்கு 50 ஆயிரம், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55 ஆயிரம். அதே வகுப்பில் அதே பெஞ்சில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் உட்காருபவருக்கு 85, 87 ஆயிரம் என்று காகிதத்தில் இருக்கும். காகிதத்துக்கு வெளியே என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். நன்கொடை வாங்கக் கூடாது என்று 1992லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டம் அதுபாட்டுக்கு இருக்கிறது. கட்டணத்தில் புதிய அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டீம்ட் பல்கலைக்கழகங்களை இந்தக் கட்டணக் குழுவும் எட்டாது, கவுன்சலிங்கும் எட்டாது, 69 சதவீத இடஒதுக்கீடும் எட்டாது. அதனால்தான் விலை அவர்கள் வைத்ததாக இருக்கிறது. சில இடங்களில் நுழைவுத் தேர்வில் வாங்கிய ரேங்கைப் பொறுத்து ஒரே பிரிவுக்கே பல விதக் கட்டணம். ரேங்க் நன்றாக இருந்து முதல் படியில் கிடைத்தால் கணக்கே வேறு.

176 கட்-ஆஃப், பி.சி. என்றால் சேலம், திருச்செங்கோடு, பெருந்துறை பக்கம் தன்னாட்சிக் கல்லூரிகளில் சி.எஸ். அல்லது ஐ.டி. கவுன்சலிங்கிலேயே வர வாய்ப்பு இருக்கிறது. நான்கு வருடப் படிப்புக் கட்டணம் 2.2 லட்சம். பேருந்து, தேர்வுக் கட்டணம், 'டிரெயினிங் ஃபீஸ்' என்று அவர்கள் தனியாகக் கறப்பது எல்லாம் போட்டாலும், வீட்டிலிருந்து போய்வந்தால் உங்கள் கையில் இருக்கும் 5 லட்சத்தைச் சுற்றி முடிந்துவிடும். பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., தியாகராசர் போன்ற உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே கல்லூரிக்குள்ளேயே உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும். கவுன்சலிங் பட்டியலில் பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று போட்டிருந்தால் அது சுயநிதி. வாத்தியார், லேப், கேன்டீன் பெரும்பாலும் ஒன்றுதான். கட்டணம் மட்டும் வேறு. ஆனால் அங்கே சி.எஸ்.ஸுக்கு 176 போதாது என்பதால் அதற்குள் போகவில்லை.

தெற்கத்திப் பொண்ணு

சார், கல்லூரிக்குள் இருப்பவர் நீங்கள். நல்ல தனியார் கல்லூரி எது, பெயிண்ட் மட்டும் அடித்த கல்லூரி எது என்று வெளியில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? அதைச் சொல்லுங்கள்.

லேப் டூட்டி

ஏசி வகுப்பறை, நுழைவாயில் ஆர்ச் இரண்டையும் பார்க்காதீர்கள்.

தன்னாட்சி பெறாத கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி சதவீதம் வெளியிடுகிறது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்பதால் அந்த எண்ணை நம்பலாம். ஒரு செமஸ்டரை மட்டும் பார்க்காமல் முன்பின் சில செமஸ்டர்களைச் சேர்த்துப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் கேள்வித்தாளும் அவர்களுடையது, திருத்துவதும் அவர்கள். அங்கே 95 சதவீதத் தேர்ச்சி என்று பெருமைப்பட்டால் சிரித்துவிட்டு வாருங்கள்.

ஆசிரியர் பட்டியலை இணையதளத்தில் பார்த்து அப்படியே நம்பாதீர்கள். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரம் நினைவிருக்கிறதா? ஒரே பேராசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேரமாக வேலை செய்வதாகக் கணக்கு. ஆய்வுக் குழு வரும் நாளில் ஆள் காட்ட அந்தப் பெயர்கள். நேரில் போகும்போது இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்து, "போன செமஸ்டரில் உங்களுக்கு யார் பாடம் எடுத்தார், இந்த செமஸ்டரிலும் இருக்கிறாரா" என்று கேளுங்கள். அந்தப் பதில் போதும். சம்பளம் ஒழுங்காகக் கொடுக்காத கல்லூரியில் ஆசிரியர் ஆறு மாதம்கூட நிற்பதில்லை. எங்களில் பலருக்குக் கொரோனாவில் பாதிச் சம்பளம், சிலருக்கு அதுவும் இல்லை.

இன்னொன்று. ஒரு பிரிவில் எத்தனை இடங்களை இந்த இரண்டு வருடத்தில் கூட்டினார்கள் என்று பாருங்கள். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 முதல் இடங்களுக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டது. அதிலிருந்து சிவில், மெக்கானிக்கலைச் சுருக்கிவிட்டு சி.எஸ்.ஸை ஊதிப் பெருக்குவதுதான் நடக்கிறது. 120 பேருக்கு இருந்த லேபில் 300 பேர். மெக்கானிக்கல் ஆசிரியர்களைப் பைத்தான் எடுக்கச் சொன்ன இடமும் எனக்குத் தெரியும்.

நாகர்கோவில் நண்பன்

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

கல்லூரியின் பெயரைச் சொல்லி 'ஏமாற்றுக்காரர்கள்' என்று எழுதியதால் மேலே உள்ள பதிவை எடுத்துவிட்டேன். சொந்த அனுபவத்தைத் தாராளமாக எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம்.

ஆள் எடுப்பவர்

வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து நான் பேசுகிறேன். நடுத்தர அளவு மென்பொருள் கம்பெனி, கேம்பஸ்களுக்குப் போவது என் வேலை.

பணம் கட்டினால் கிடைப்பது படிப்பல்ல, வாசலுக்கு வரும் கம்பெனிகள். இது உண்மை. எங்களுக்கு இருப்பது சில வாரங்கள். ஒரே இடத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து தேர்வு எழுதும் இடத்துக்குத்தான் முதலில் போவோம். பர்கூருக்கும் காரைக்குடிக்கும் போக மாட்டோம் என்றில்லை. அங்கே ஒரு பிரிவில் 60 பேர், ஒரு நாள் பயணம் என்றால் மேலிடம் யோசிக்கும். பல சமயம் நாலைந்து அரசுக் கல்லூரிகளைச் சேர்த்து ஒரே இடத்தில் நடத்துவோம். மூன்றாமாண்டு தங்கை சொன்ன பெரிய சம்பளம் பொய்யில்லை. ஆனால் அது வகுப்பில் மேல்வரிசையில் இருப்பவர்களுக்கு. அந்த மேல்வரிசை ஆட்கள் எந்தக் கல்லூரியில் போட்டாலும் ஏறக்குறைய தேறிவிடுவார்கள் என்பது என் எண்ணம். நடுவில் இருப்பவருக்கு டீம்டிலும் அதே மூன்றரை லட்சம்தான்.

பிளேஸ்மெண்ட் விளம்பரத்தைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். '3,000 ஆஃபர்கள்' என்று போட்டிருந்தால் அது 3,000 பேர் இல்லை. ஒருவருக்கு மூன்று ஆஃபர் வந்திருந்தால் மூன்றாக எண்ணுவார்கள். '98 சதவீதம்' என்றால் எதில் 98? பிளேஸ்மெண்டுக்குத் தகுதி பெற்றுப் பதிவு செய்தவர்களில். அரியர் வைத்தவர்கள், மேற்படிப்புக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் முதலிலேயே கழிந்துவிடுவார்கள். 'அதிகபட்சச் சம்பளம்' என்று பெரிய எழுத்தில் இருப்பது ஒரே ஒரு பையன், அவன் போட்டோவும் பக்கத்திலேயே இருக்கும். மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை தனி ஆட்களுக்கு வேலை, வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன? இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே பதில்.

அப்புறம், ஆஃபர் வேறு, வேலை வேறு. 2022 பேட்சில் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தச் சமயத்தில் தவணை ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

ட்ரிபிள் ஈ-யைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டமாக எடுக்கும் ஐ.டி. கம்பெனிகள் பிரிவு பார்ப்பதில்லை. கோடிங் தெரிந்தால் ட்ரிபிள் ஈ, இ.சி.இ. எல்லோரையும் எடுக்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின்சார வாகனத் தொழிற்சாலைகள் வந்த பிறகு ட்ரிபிள் ஈ-க்குச் சொந்தத் துறையிலேயே ஆள் தேடுகிறார்கள். பர்கூர் அதே மாவட்டம்.

மூன்றாமாண்டு

மேல்வரிசை ஆட்கள் எங்கே போட்டாலும் தேறுவார்கள் என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை அண்ணா. வாசலுக்கு வராத கம்பெனியில் மேல்வரிசை மாணவி எப்படி விண்ணப்பிப்பாள்? என் பள்ளித் தோழி என்னைவிட நன்றாகப் படிப்பவள். அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் ஓர் உறுப்புக் கல்லூரியில் இருக்கிறாள். இன்டர்ன்ஷிப் என்ற வார்த்தையையே நான் சொல்லித்தான் இரண்டாம் ஆண்டில் கேள்விப்பட்டாள்.

ஆள் எடுப்பவர்

அது நியாயம். 'ஏறக்குறைய' என்று நான் போட்டதற்குள் உங்கள் தோழி மாதிரி ஆட்கள் அடிபடுகிறார்கள். அரசுக் கல்லூரியில் தகவல் தானாக வந்து சேராது, தேடிப் போக வேண்டும். 2022இல் மாநில அரசு தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டம் கொஞ்சம் உதவுகிறது. ஆனால் சீனியர்கள் கைபிடித்து இழுக்கும் பழக்கம் இல்லாத கல்லூரியில் கஷ்டம்தான். அதற்காக 28 லட்சம் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி.

விழுப்புரம் அம்மா

எல்லோரும் பொறியியலையே பேசுகிறீர்கள். என் மகள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வருகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனக்கு அவள் படிப்பால் கைக்காசு போகவில்லை. கௌரவ விரிவுரையாளர்கள்தான் பாதி வகுப்பு எடுக்கிறார்கள், ஆனால் நன்றாக எடுக்கிறார்கள் என்கிறாள். பிறகு எம்.சி.ஏ. நல்ல இடத்தில் போடலாம் என்று இருக்கிறோம். முதல் பட்டத்துக்கே எல்லாக் காசையும் இறைத்துவிட்டால் இரண்டாவதுக்கு என்ன செய்வது?

கொலுசுப்பட்டறை

எல்லோருக்கும் நன்றி. நேற்று மகளிடம் இந்த இழையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கீழே அவள் எழுதியது.

"அப்பா ஐடியில் இருந்து எழுதுகிறேன். எனக்கு டீம்ட்தான் வேண்டும் என்று நான் எப்போதும் சொல்லவில்லை. சி.எஸ். வேண்டும் என்றேன். அது கவுன்சலிங்கில் கிடைக்காது என்று எங்கள் டியூஷன் சென்டரில் சொன்னார்கள். அந்த சென்டர் வாசலில்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் பேனர் கட்டியிருக்கிறது, இப்போதுதான் உறைக்கிறது. ஒரு சந்தேகம்: அரசுக் கல்லூரியில் ட்ரிபிள் ஈ சேர்ந்தால் கூடுதலாக சி.எஸ். பாடங்கள் எடுத்து மைனர் பட்டம் வாங்கலாமா? இன்னொன்று, டீம்டில் 25 ஆயிரம் முன்பணம் கட்டிவிட்டோம். அது போனது போனதுதானா?"

லேப் டூட்டி

தங்கச்சி, மைனர் வாங்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையிலேயே 18 கிரெடிட் கூடுதலாகப் படித்தால் மைனர் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் விதிமுறையில் எப்படி வைத்திருக்கின்றன, சி.ஜி.பி.ஏ. எவ்வளவு கேட்கிறார்கள் என்று அந்தந்தத் துறையில் கேட்டுக்கொள். ஆனால் செமஸ்டர் பாடச் சுமைக்கு மேல் அது. முதல் வருடம் மேத்ஸ் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்.

முன்பணம் போகாது. சேர்க்கை முடியும் தேதிக்குள் விலகினால் பணத்தைத் திருப்ப வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018லேயே அறிவித்திருக்கிறது. அது டீம்டுக்கும் பொருந்தும். ஒவ்வொரு வருடமும் தேதியை அறிவிப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். விலகல் கடிதத்தை மெயிலில் அனுப்புங்கள், போனில் சொன்னால் கணக்கில் வராது. அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டீர்களா?

கொலுசுப்பட்டறை

இல்லை சார். கேட்டார்கள், ஜெராக்ஸ்தான் கொடுத்தேன்.

லேப் டூட்டி

நல்லது. கொடுக்கவே கொடுக்காதீர்கள். இனி கவுன்சலிங்கில் போடும் விருப்பப் பட்டியல். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், அதனால் கஞ்சத்தனம் வேண்டாம். கிடைக்காது என்று தோன்றினாலும் ரொம்பப் பிடித்ததை மேலே போடுங்கள். அதனால் கீழே உள்ளது கைநழுவாது. போன மூன்று வருடங்களின் பி.சி. பிரிவுக் கடைசிக் கட்-ஆஃபை வைத்துக்கொள்ளுங்கள், பொதுப்பிரிவை அல்ல. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் 'ஏற்றுக்கொள்கிறேன், மேலே வந்தால் மாறுகிறேன்' என்ற வாய்ப்பு இருக்கும். அதற்குக் கொடுக்கும் நாட்கள் கொஞ்சம்தான், போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

கொலுசுப்பட்டறை

இப்படிப் போட்டிருக்கிறோம்: மேலே சேலம் அரசுக் கல்லூரி, அடுத்து பர்கூர், இரண்டிலும் சி.எஸ்., இ.சி.இ. அதற்குக் கீழே பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் சி.எஸ்., ஐ.டி. அப்புறம் பர்கூர் ட்ரிபிள் ஈ. தனியார் சி.எஸ்.ஸை பர்கூர் ட்ரிபிள் ஈ-க்கு மேலே வைத்தது மகள். நான் மாற்றி வைக்கலாம் என்றேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். டீம்டுக்கு விலகல் மெயில் போய்விட்டது. அந்தப் பெண் போன் செய்து, "இ.எம்.ஐ. மாதிரி கட்டலாம் சார்" என்றார். மாதம் எவ்வளவு, எத்தனை வருடம், மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார்.

பழைய கிண்டி

அந்தக் கடைசி வரியை மாற்றுங்கள் ஐயா. பர்கூரை மேலே கொண்டுவாருங்கள்.

தெற்கத்திப் பொண்ணு

மாற்றாதீர்கள் அண்ணா. நான்கு வருடம் உட்காரப் போவது அவள்.

புதுசா வந்தவன்

சார், என் தம்பி கட்-ஆஃப் 141, எம்.பி.சி. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறது. ஒரு கல்லூரியில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்த்தாலும் அந்தச் சலுகை உண்டு என்கிறார்கள். உண்மையா?

வங்கி மேசை

இல்லை தம்பி. கவுன்சலிங் வழியாக வந்தால்தான் உண்டு. மேனேஜ்மெண்ட் கோட்டா என்றால் கல்விக் கடனுக்கும் பல வங்கிகள் கையை விரிக்கும். பணம் எதையும் கட்டிவிடாதீர்கள்.

மட்டுறுத்துநர்

இது வேறு கேள்வி. புதிய இழை தொடங்குங்கள், விவரம் தெரிந்தவர்கள் அங்கே வருவார்கள்.